கிளிமானூரின் பல கைகள்: ஓவியக் காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களைப் பேணிக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும் காப்பாட்சியர்களுக்கும், தேசியக் கலைச்செல்வங்களின் பட்டியலுக்குப் பொறுப்பான இந்திய அரசின் அலுவலர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். ரவி வர்மாவின் படங்களைப் பார்த்துத்தான் கையைப் பழக்கினேன்; இன்றும் ஒரு முகத்தில் நிழல் எங்கே தொடங்க வேண்டும் என்ற ஐயம் எழுந்தால் அவரிடமே போகிறேன். அவரைப் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆயினும் அவர் பெயருக்குக் கீழே யாருடைய பெயர்கள் எழுதப்படாமல் இருக்கின்றன என்பதைத் தூரிகை பிடிப்பவர்களும் சொல்ல வேண்டும் எனக் கருதியே இதை எழுதுகிறேன். என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய படங்களுக்கு அருகில் நீங்கள் வைக்கும் விளக்கப் பலகைகளில் அவருடைய தம்பி சி. ராஜராஜ வர்மாவுக்கும் தங்கை மங்கள பாய் தம்புராட்டிக்கும் அவரவர்க்கு உரிய இடத்தைக் கொடுங்கள். கேரளத்தின் கிளிமானூரைச் சேர்ந்த அந்தக் குடும்பத்தைப் பட்டங்களும் அரச உறவுகளும் நிறைந்த வம்சாவளியாகக் காட்டாமல், பல கைகள் சேர்ந்து இயங்கிய ஓர் ஓவியக்கூடமாகக் காட்டுங்கள்.

திருவனந்தபுரத்தில் உள்ள, 1899ஆம் ஆண்டின் ‘ஹம்சமும் தமயந்தியும்’ (ஹம்சம் என்றால் அன்னம்) என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் கண் முதலில் போவது சிவப்புச் சேலைக்கு, பிறகு அன்னத்துக்கு, அதன் பிறகு தமயந்தியின் முகத்துக்கு. ஒரு சிவப்பை அத்தனை பெரிய பரப்பில் வைத்து, அது கண்ணை உறுத்தாமலும் மங்காமலும் நிற்கச் செய்வது எளிதன்று. மடிப்பின் உட்புறத்தில் செம்பழுப்பாகவும், ஒளி படும் மேட்டில் வெளிறியும், இரண்டுக்கும் இடையே தன் இயல்பான நிறத்திலும் அந்தச் சிவப்பு நகர்கிறது. ஜரிகையை அவர் நூல் நூலாக வரைவதில்லை. ஒளி எங்கே தெறிக்கிறதோ அங்கே மட்டும் தடித்த மஞ்சள் வண்ணத்தில் சிறு புள்ளிகளை வைத்துவிட்டு, எஞ்சியதைப் பார்ப்பவர் கண்ணிடமே விட்டுவிடுகிறார். நகைகளும் அப்படித்தான். அருகே போனால் அழுக்கு மஞ்சளும் பழுப்பும் வெள்ளைப் புள்ளியும். நான்கடி பின்னால் வந்தால் தங்கம். இதை எண்ணி வியக்காத ஓவியர் இருந்தால் அவர் பொன் வரைய முயன்றதில்லை என்றே சொல்வேன்.

அந்தப் படத்தில் தமயந்தியை மறந்துவிட்டு அவளுக்குப் பின்னால் உள்ளதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். நீரும் மரங்களும் தொலைவும் உருவத்தைப் போல் இறுக்கமாக வரையப்பட்டவை அல்ல. அவற்றின் ஓரங்கள் கரைகின்றன, வண்ணம் மெலிகிறது, காற்று இருக்கிறது. ரவி வர்மாவின் பிற்காலப் படங்கள் பலவற்றில், முன்னே நிற்கும் மனிதரையும் பின்னே விரியும் நிலத்தையும் இருவேறு மனநிலைகள் வரைந்தனவோ என்று தோன்றும். அந்தத் தோற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு. அண்ணனைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் இளையவரான ராஜராஜ வர்மா நிலக்காட்சியில் தேர்ந்தவர். அண்ணனின் படங்கள் பலவற்றில் பின்னணியை வரைந்தவர் அவரே என்பதைக் கலை வரலாற்று ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் எழுதியது நூல்களில் இருக்கிறது. சுவரில் தொங்கும் பலகைகளில் பெரும்பாலும் இல்லை.

இதனால் ரவி வர்மாவின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவர்களுக்கு ஆண்டுக் கணக்கே போதிய மறுமொழி. மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்காக 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கமும், தொடர்ந்து வியன்னா கண்காட்சியில் பரிசும் பெற்றபோது ரவி வர்மாவுக்கு வயது இருபத்தைந்து, தம்பிக்கோ பதின்மூன்று. நரம்பிசைக் கருவி வாசிக்கும் தமிழ்ப் பெண்ணை அவர் வரைந்த படம், 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குப் பரிசளிக்கப்பட்டபோதும் தம்பி சிறுவன்தான். ஆக, முகத்தையும் துணியையும் மேனியையும் ஆண்ட அந்தக் கை தனியாகவே வளர்ந்து, தனியாகவே புகழும் பெற்றது. பிறகு நேர்ந்தது வேறு. 1880களிலிருந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து பயணித்தார்கள், சேர்ந்து வரைந்தார்கள். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1888இல் நீலகிரியில் அவர்களைச் சந்தித்துப் பதினான்கு புராணக் காட்சிகளை வரைந்து தருமாறு கேட்டார். நாட்டின் எல்லாப் பகுதியினரும் தம்முடையது என்று ஏற்கக்கூடிய உடையும் சூழலும் எதுவாக இருக்கலாம் என்று தேடி இருவரும் வட இந்தியா முழுவதும் சுற்றினார்கள். இருட்டறையிலோ வெறும் சுவருக்கு முன்னாலோ பெரும்பாலும் நின்றிருந்த ரவி வர்மாவின் மாந்தர்கள் இந்தக் காலத்தில்தான் ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் வானத்தின் கீழும் துணிந்து வருகிறார்கள் என்பது என் கண்ணுக்குப் படுகிறது. இந்த மாற்றத்தில் தம்பியின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல என்னால் முடியாது. அளப்பதற்குரிய கருவிகள் உங்களிடம் இருக்கின்றன, அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஒரு படத்தை இருவர் வரைவது மறைக்க வேண்டிய செய்தியே இல்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹெய்ஸ் காட்சியகத்தில், ஏறத்தாழ 1615இல் வரையப்பட்ட ஏதேன் தோட்டப் படம் ஒன்று உண்டு. ஆதாமையும் ஏவாளையும் ரூபென்ஸ் வரைந்தார். மரங்களையும் விலங்குகளையும் பெரும்பாலும் மூத்த யான் புரூகெல் வரைந்தார். இருவரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள், ரூபென்ஸ் தம் கையொப்பத்திலேயே உருவங்கள் தம்முடையவை என்று குறித்திருக்கிறார். அந்தப் படத்தின் முன் நிற்கும் எவரும் ரூபென்ஸைக் குறைத்து மதிப்பிடுவதில்லை. மாறாக, இரண்டு கைகளும் எங்கே சந்திக்கின்றன என்று தேடும் இன்பம் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. நம் பார்வையாளர்களுக்கு மட்டும் அந்த இன்பத்தை ஏன் மறுக்க வேண்டும்?

குடும்பத்துக்கு வருகிறேன். ரவி வர்மாவின் பக்கத்தில் மனைவியோ பிள்ளைகளோ இல்லாமல் தம்பியும் தங்கையும் ஏன் நின்றார்கள் என்பதைப் புரிந்துகொள்ள மருமக்கள்தாயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த முறையில் பிள்ளைகள் தாயின் வீட்டுக்கு உரியவர்கள். அந்த வீட்டுக்குத் தலைவர் தாய்மாமன். ரவி வர்மாவின் மனைவி பாகீரதி பாய் மாவேலிக்கரைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர்களுடைய பிள்ளைகளும் அந்த வீட்டுப் பிள்ளைகளே. கிளிமானூரில் ரவி வர்மாவுடன் வளர்ந்தவர்கள், ஒரே தாயின் வயிற்றில் பிறந்த கோத வர்மா, ராஜராஜ வர்மா, மங்கள பாய் ஆகியோர். தாய் உமயாம்பா தம்புராட்டி ‘பார்வதி சுயம்வரம்’ என்ற பாடல் நூலை இயற்றியவர். அவர் மறைந்த பின் அதை அச்சிட்டு வெளியிட்டவர் மகன் ரவி வர்மா. புராணக் கதைமாந்தரை வாழ்நாளெல்லாம் வரைந்த ஒருவர், பார்வதியின் கதையைப் பாட்டாக்கிய தாயின் மடியில் வளர்ந்தார் என்பது எந்தப் பதக்கத்தையும்விட விளக்கப் பலகையில் எழுதத் தகுந்த செய்தி என்று நினைக்கிறேன்.

சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கிய சிறுவனைக் கண்டிக்காமல் கைபிடித்து வரையக் கற்றுக்கொடுத்தவரும் தாய்மாமனே. தஞ்சாவூர்ப் பாணியில் பழகிய அந்த மாமனின் பெயரும் ராஜராஜ வர்மா. இதனால் மாமனையும் தம்பியையும் ஒருவராக எண்ணிக் குழப்பும் குறிப்புகளை நான் படித்திருக்கிறேன். 1862இல் பதினான்கு வயது மருமகனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, மன்னர் ஆயில்யம் திருநாளின் முன் நிறுத்தியவரும் அவர்தான். அரண்மனையில் எண்ணெய் வண்ணம் அறிந்திருந்தவர் மதுரைக்காரரான இராமசாமி நாயுடு. அவர் சிறுவனுக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக்கொடுத்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்பிக்கவில்லை, தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே விட்டார். ஐரோப்பியப் பெயரைத் தவறாமல் சொல்லும் நம் குறிப்புகளில் ஆறுமுகம் பிள்ளையின் பெயர் எத்தனையில் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தம்பியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் 1895 முதல் 1904 வரை ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்து, நூலாகவும் வந்துவிட்டது. அந்தக் காலத்து இந்திய ஓவியர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிப் பயணித்தார்கள், யார் அமர்ந்து படம் வரையக் கொடுத்தார்கள், 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அவர்களை என்ன பாடு படுத்தியது என்பனவற்றை அன்றாடம் உடனிருந்தவர் கையாலேயே அறிவது அரிய பேறு. ஓவியரின் புகழைப் பாடப் புலவர்கள் எப்போதும் கிடைப்பார்கள். அவருடைய கணக்குவழக்கையும் களைப்பையும் எழுதிவைக்க இப்படி ஒரு தம்பி வாய்ப்பது அபூர்வம். 1905இல் அவர் மறைந்தார். அண்ணன் அதன்பின் இரண்டாண்டுகூட முழுமையாக வாழவில்லை. 1906 அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் காலமானார்.

மங்கள பாய் தம்புராட்டியைப் பற்றி எழுதும்போது என் மடல் சிறுத்துவிடுகிறது. குற்றம் அவருடையது அன்று. அவர் வரைந்த அண்ணனின் உருவப்படம் ஒன்று உண்டு. அரசவைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் சென்ற அண்ணன்மார் இருவரின் நடமாட்டமும் ஆவணங்களில் பதிவானது. தங்கையின் தூரிகை எந்த ஒளியில், எந்த அறையில், யாருடைய ஊக்கத்தில் இயங்கியது என்பதை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஊரார் முகங்களையெல்லாம் வரைந்து பெயர்பெற்ற ஒருவரின் முகத்தை வரைய உட்காருவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது உருவப்படம் வரைபவர்களுக்குத் தெரியும். அமர்ந்திருப்பவர் உங்கள் ஒவ்வொரு பிழையையும் கோட்டளவில் அறிந்தவர். அதற்கும் மேலாக, உங்கள் அண்ணன். அந்தப் படத்தைக் குடும்ப நினைவுப் பொருளாக நடத்தாமல், ஓர் ஓவியர் இன்னோர் ஓவியரைக் கண்ட விதத்தின் பதிவாக நடத்த வேண்டும் என்று கேட்கிறேன்.

பிள்ளைகள் தாய்வீட்டுக்கு உரியவர்கள் என்றேன். அதனால் பாசம் இல்லாமற்போய்விடவில்லை. 1893இல் வரைந்து, அதே ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பிய பத்துப் படங்களுள் ‘அதோ அப்பா வருகிறார்’ என்பதும் ஒன்று. அதில் குழந்தையை ஏந்தி நிற்பவர் ரவி வர்மாவின் மகள் மகாபிரபா. தாயும் குழந்தையும், கூடவே நிற்கும் நாயும் எதிர்பார்க்கும் அந்த அப்பா படச்சட்டத்துக்கு வெளியே இருக்கிறார். தந்தைக்கு வீட்டில் உரிமை இல்லாத முறையில் வளர்ந்த ஒருவர், தந்தையின் வரவையே படத்தின் பொருளாக்கியதைப் பற்றி ஆய்வாளர்கள் பலவாறு விவாதிக்கிறார்கள். நான் பார்ப்பது, மகளை வரையும்போது அந்தக் கையில் வந்த கவனத்தை. அரசியரையும் புராண நாயகியரையும் வரைகையில் அவர் அழகைத் தேடிப் போகிறார். இங்கே அதைத் தேடவில்லை, இருப்பதை அப்படியே ஏற்கிறார்.

மகன் ராம வர்மாவும் ஓவியரே. பம்பாயின் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்று, 1915இல் மாவேலிக்கரையில் தந்தையின் பெயரால் அவர் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று கல்லூரியாக நடக்கிறது. அரச உறவுகளை நான் நீட்டிப் பேச விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரவி வர்மாவின் பேத்தியர் இருவர் 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரின் மகன் சித்திரைத் திருநாள். அவருடைய ஆட்சியில், 1935இல் திறக்கப்பட்டதே அவர் பெயரால் அமைந்த திருவனந்தபுரம் ஓவியக்கூடம். கொள்ளுப்பாட்டனின் படங்களுக்குக் கொள்ளுப்பேரன் கூரை போட்டார். அந்தக் கூரையின் கீழ் உடன்பிறந்தாரின் பெயர்களுக்கும் இடம் இருக்கத்தானே வேண்டும்?

இனி அரசுக்கு ஒரு சொல். தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972இன் கீழ் ரவி வர்மாவின் படைப்புகள் 1979இல் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அவை நாட்டை விட்டு விற்பனைக்குச் செல்ல முடியாது. அந்தப் பெருமை பெற்ற ஓவியர்கள் ஒன்பது பேர். அவர்களுள் மூவர் தாகூர் குடும்பத்தார்: ரவீந்திரநாதர், அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனின் மகன்களான ககனேந்திரநாதர், அவனீந்திரநாதர். ஒரே குடும்பத்தில் மூவரை ஏற்கச் சட்டத்துக்குத் தயக்கம் இருக்கவில்லை என்பது மகிழ்ச்சி. ஆனால் ககனேந்திரநாதருக்கும் அவனீந்திரநாதருக்கும் சுனயனி தேவி என்ற தங்கை இருந்தார். யாரிடமும் முறையாகப் பயிலாமல் தமக்கென்று ஒரு பாணியை உருவாக்கிக்கொண்ட ஓவியர். அவர் பட்டியலில் இல்லை. கிளிமானூரிலிருந்து ஒருவர் மட்டுமே; தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. ஒன்பது பேரில் ஒரே பெண் அம்ரிதா ஷேர்கில்.

நூறாண்டு கடந்த ஓவியம் எதுவும் அதே சட்டத்தின்படி தொல்பொருள் ஆகிவிடும் என்பதால் ராஜராஜ வர்மாவின் படங்கள் வெளிநாடு போய்விடும் என்ற அச்சம் இப்போது இல்லை என்று நீங்கள் சொல்லலாம், அது சரியே. ஆனால் ஒரு படம் பழையது என்பதற்காகக் காக்கப்படுவதும், கலை என்பதற்காகக் காக்கப்படுவதும் ஒன்றாகிவிடாது. அதோடு 1962 வரை வாழ்ந்த சுனயனி தேவியின் பிற்காலப் படங்களுக்கு நூறாண்டு இன்னும் நிறையவில்லை. அவரைப் பொறுத்தவரை பட்டியலில் இடம் என்பது நடைமுறைப் பாதுகாப்பும்கூட. ராஜராஜ வர்மா, மங்கள பாய், சுனயனி தேவி ஆகிய மூவரையும் பட்டியலில் சேர்ப்பது குறித்து வல்லுநர் குழு ஒன்றின் கருத்தைக் கேளுங்கள்.

காட்சியகத்தாரிடம் நான் கேட்பது அதைவிட எளியது. தம்பியின் பங்கு இருந்ததாக ஆய்வாளர்கள் கருதும் படங்களில் அதைப் பலகையில் குறிப்பிடுங்கள்; உறுதியாகத் தெரியாத இடத்தில் ‘பங்களித்திருக்கலாம்’ என்றே எழுதுங்கள், அந்தச் சொல்லில் குறையொன்றும் இல்லை. எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: அழகான மரம் தெரிந்த இடமெல்லாம் தம்பி என்று முடிவுகட்டுவது அண்ணனுக்குச் செய்யும் அநீதி. அகச்சிவப்பு ஒளிப்படமும் ஊடுகதிர்ப் படமும் அடிக்கோடுகளையும் பூச்சின் அடுக்குகளையும் காட்டக்கூடியவை. உருவம் முதலில் வந்ததா, நிலம் முதலில் வந்ததா, உருவத்தைச் சுற்றி இடம் விட்டுப் பின்னணி வரையப்பட்டதா என்பன போன்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை தேடலாம். பழுதுபார்க்கும்போது அத்தகைய ஆய்வுகள் நடந்திருந்தால் அவற்றின் முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். எங்களைப் போன்ற ஓவியர்களுக்கு அவை பாடப்புத்தகம். ராஜராஜ வர்மா தம் பெயரிலேயே வரைந்த நிலக்காட்சிகளை வேறோர் அறையில் வைக்காமல், அண்ணனின் புராணப் படங்களுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். ஒப்பிடும் வேலையைப் பார்வையாளர்கள் தாமே செய்துகொள்வார்கள். மங்கள பாய் வரைந்தவை எங்கெங்கே, எந்த நிலையில் உள்ளன என்ற பட்டியல் ஒன்றை உங்கள் நிறுவனங்கள் கூடித் தயாரிக்க வேண்டும். தனியாரிடம் இருப்பவற்றைப் பற்றிய செய்தியையும் அவர்கள் இசைவுடன் சேர்க்கலாம்.

நாட்குறிப்பின் தேர்ந்த பகுதிகளை மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட்டு, படங்கள் இருக்கும் அறைகளிலேயே படிக்கக் கிடைக்கும்படி வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. மொழிபெயர்ப்பில் ஓவியக்கலைச் சொற்களைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால், ஊதியம் ஏதும் பெறாமல் அந்த வேலையைச் செய்ய நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உருவப்படம் வரையும் ஓர் ஓவியன்